அப்பா வயலின், மகன் ஹார்ப்சிகார்டு: கார்மோந்தெல் வரைந்த மொஸார்ட் படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொஸார்ட் பற்றிய புத்தகங்களிலும் இசைத்தட்டு உறைகளிலும் திரும்பத் திரும்ப வரும் படம் இது. ஒரு சின்னப் பையன் ஹார்ப்சிகார்டு (பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம்) வாசிக்க, பின்னால் அப்பா வயலினோடு நிற்கிறார். பார்த்தவுடன் எல்லாருடைய கண்ணும் பையன் மேல் போய்விடும். இந்தப் பக்கம் அப்பாவையும் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்காக எழுதப்பட்டது. ஒரே தொழிலில் இருந்த தந்தையும் மகனும் தொழிலைச் செய்துகொண்டிருக்கும்போதே வரையப்பட்ட 18ஆம் நூற்றாண்டுப் படங்களில் இவ்வளவு விஷயம் பொதிந்த இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

படத்தில் யார் யார் இருக்கிறார்கள்?

மூன்று பேர். நடுவில் உட்கார்ந்து ஹார்ப்சிகார்டு வாசிப்பவன் வொல்ஃப்காங் மொஸார்ட். கால் தரைக்கு எட்டவில்லை, தொங்குகிறது. நாற்காலிக்குப் பின்னால் நின்று வயலின் வாசிப்பவர் தந்தை லெயோபோல்ட். வாத்தியத்துக்கு அந்தப் பக்கம், கையில் இசைத்தாளோடு பாடுகிற பாவனையில் நிற்பது அக்கா மரியா அன்னா. வீட்டில் அவளை நானெர்ல் என்று கூப்பிடுவார்கள். மூவரும் பக்கவாட்டில்தான் தெரிகிறார்கள். நம்மைப் பார்த்து முகம் காட்டுகிறவர் ஒருவரும் இல்லை. அதனால் ஒரு கச்சேரிக்குள் சத்தமில்லாமல் நுழைந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

எப்போது, எங்கே வரையப்பட்டது?

பாரிஸில், 1763 நவம்பருக்கும் 1764 ஏப்ரலுக்கும் இடையில். குடும்பம் 1763 ஜூன் 9 அன்று சால்ஸ்பர்க்கிலிருந்து கிளம்பி, ஜெர்மன் நகரங்கள் பலவற்றில் வாசித்துவிட்டு நவம்பர் 18 அன்று பாரிஸ் வந்து சேர்ந்தது. 1764 ஏப்ரலில் லண்டனுக்குப் போய்விட்டார்கள். மறுபடி சால்ஸ்பர்க் திரும்பியது 1766 நவம்பர் இறுதியில். மூன்றரை வருடத்தை அவர்கள் குதிரைவண்டியிலும் வாடகை அறைகளிலும் கழித்தார்கள்.

வரைந்தவர் யார்? பெரிய ஓவியரா?

லூயி கரோஜிஸ் என்பது அவருடைய சொந்தப் பெயர். கார்மோந்தெல் என்று தானே வைத்துக்கொண்டார். 1717இல் பாரிஸில் செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். ஓர்லியான் பிரபுவின் வீட்டில், பிரபுவின் மகனுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுகிற வேலை. அதோடு குறுநாடகங்கள் எழுதுவார், தோட்டம் வடிவமைப்பார், வீட்டுக்கு வந்து போகிறவர்களைப் படம் வரைவார். பாரிஸின் மோன்சோ பூங்காவின் முதல் வடிவமைப்பு அவருடையதுதான்.

எண்ணெய் வண்ணத்தில் மாதக்கணக்காக உட்காரவைத்து வரைகிற ஓவியர் இல்லை இவர். முழு உருவம், பக்கவாட்டுத் தோற்றம், பென்சிலும் சுண்ணக்குச்சியும் நீர்வண்ணமும், வேகமான கை. இப்படி ஏறக்குறைய 750 பேரை வரைந்திருக்கிறார். பிரபுக்கள், படைத்தளபதிகள், இசைக்காரர்கள், வேலைக்காரர்கள் என்று எல்லாரும் அதில் உண்டு. முகத்துக்குள் புகுந்து மனதைக் காட்டுகிற ஆழம் அவரிடம் இல்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒருவர் எப்படி நிற்பார், வாத்தியத்தை எப்படிப் பிடிப்பார் என்பதை அவர் கண் தவறவிடுவதே இல்லை. இந்தப் படத்துக்குத் தேவைப்பட்டது அந்தக் கண்தான்.

சால்ஸ்பர்க் குடும்பத்துக்கு அவர் எப்படிக் கிடைத்தார்?

நடுவில் ஃப்ரீட்ரிஷ் மெல்கியோர் கிரிம் என்றொருவர் இருந்தார். பாரிஸில் குடியேறிய ஜெர்மானியர், எழுத்தாளர், ஓர்லியான் பிரபுவின் செயலர். கார்மோந்தெல் வேலை பார்த்த அதே வீடு. மொஸார்ட் பிள்ளைகளைப் பற்றி 1763 டிசம்பரிலேயே தன் கையெழுத்து இதழில் எழுதி, ஐரோப்பிய அரசவைகளுக்குச் செய்தி அனுப்பியவர் கிரிம். பாரிஸில் யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் கதவு திறக்கும் என்பதையெல்லாம் லெயோபோல்டுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

லெயோபோல்ட் உண்மையிலேயே இசைக்கலைஞரா, அல்லது பிள்ளைகளை ஊர் ஊராகக் கூட்டிப்போன அப்பா மட்டுமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. வருவதைப் பார்த்தால் எனக்குக் கஷ்டமாகவும் இருக்கிறது.

1763இல் இசை அச்சிடுகிற, இசை கற்பிக்கிற வட்டாரத்தில் மொஸார்ட் என்ற பெயர் தெரிந்திருந்தால், அது லெயோபோல்டால் தெரிந்த பெயர். 1719இல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் புத்தகம் கட்டுபவரின் மகனாகப் பிறந்தார். படிக்க சால்ஸ்பர்க் வந்தவர், வகுப்புக்குப் போகாததால் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். பிறகு ஒரு பிரபுவிடம் வேலைக்குச் சேர்ந்து, 1743இல் சால்ஸ்பர்க்கை ஆண்ட பேராயரின் அரண்மனை இசைக்குழுவில் நான்காவது வயலினாக நுழைந்தார். அங்கிருந்து படிப்படியாக ஏறி, இந்தப் பயணம் தொடங்கிய அதே 1763இல் இசைக்குழுவின் துணைத்தலைவர் ஆனார். சிம்பொனிகள், தேவாலய இசை என்று நிறைய எழுதியிருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய வயலின் பாடநூல். 1756இல் ஆக்ஸ்பர்க்கில் அச்சானது. மகன் பிறந்ததும் அதே வருடம், ஜனவரி 27. அந்த நூல் 1766இல் டச்சு மொழியிலும் 1770இல் பிரெஞ்சிலும் வந்தது. வில்லை எப்படிப் பிடிப்பது, ஒரு ஸ்வரத்தை எப்படித் தொடங்கி எப்படி முடிப்பது, அலங்காரங்களை எங்கே சேர்ப்பது என்று ஒவ்வொன்றையும் பொறுமையாக விளக்குகிறார். எல்லா ஸ்வரத்தையும் விடாத ஜுரம் கண்டவர் போல நடுங்க வைக்கிற வயலின்காரர்களை அதில் ஒரு பிடி பிடிக்கிறார். 18ஆம் நூற்றாண்டு இசையை அந்தக் காலத்து முறையில் வாசிக்க விரும்புகிறவர்கள் இன்றும் திறந்து பார்க்கிற நூல் அது.

ஆகவே படத்தில் வயலினோடு நிற்பவர், ஐரோப்பாவுக்கு வயலின் பாடம் எழுதிக்கொடுத்த மனிதர். அதை மனதில் வைத்துக்கொண்டு படத்தை மறுபடி பாருங்கள்.

அப்படிப்பட்டவர் ஏன் பையனுக்குப் பின்னால் ஓரமாக நிற்கிறார்?

அவர் வாசிப்பது பக்கவாத்தியம்.

வயலின் பக்கவாத்தியமாக இருப்பது நமக்குப் பழகிய காட்சிதான். ஆனால் பாரிஸில் அப்போது வழக்கத்தில் இருந்த ஒரு வகை இசையில் வயலினின் இடம் இன்னும் அடக்கமானது. ஹார்ப்சிகார்டுக்காக எழுதப்பட்ட சொனாட்டா, அதாவது சில பகுதிகளாக அமைந்த வாத்திய இசை. வயலின் இருந்தால் கூட வாசிக்கலாம், இல்லாவிட்டாலும் குறை தெரியாது. ராகத்தின் பாரம் முழுக்க ஹார்ப்சிகார்டு மேல். வயலின் சில இடங்களில் கூடவே போகும், சில இடங்களில் நீண்ட ஸ்வரம் பிடிக்கும், சில இடங்களில் பதில் சொல்லும்.

1764இல் பாரிஸில் சிறுவன் மொஸார்ட்டின் முதல் அச்சு நூல்கள் வெளிவந்தன. நான்கு சொனாட்டாக்கள், இரண்டிரண்டாக. முதல் இரண்டு 15ஆம் லூயி மன்னரின் மகள் விக்துவாருக்கும், அடுத்த இரண்டு டெஸ்ஸே சீமாட்டிக்கும் சமர்ப்பணம். மொஸார்ட்டின் படைப்புகளை வரிசைப்படுத்தி எண் கொடுத்த கோகெல் பட்டியலில் இன்று 6 முதல் 9 வரை எண் பெற்றிருப்பவை. அவற்றின் முகப்பில் போட்டிருப்பது இதுதான்: ஹார்ப்சிகார்டுக்கான சொனாட்டாக்கள், வயலின் துணையோடும் வாசிக்கலாம்.

கார்மோந்தெல் வரைந்திருப்பதும் அதே அமைப்புதான். மகன் பிரதானம், அப்பா துணை. படத்தைப் பார்த்து ‘பாசமுள்ள தந்தை’ என்று நிறுத்திக்கொள்கிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். தொழில் தெரிந்த இருவர் சேர்ந்து வாசிக்கும்போது யாருக்கு எந்த இடம் என்பதை இந்தப் படம் துல்லியமாகப் பதிவு செய்திருக்கிறது. 44 வயதில், தன் துறையில் நூல் எழுதிய ஒருவர், ஏழு வயதுப் பையனுக்கு இடம் விட்டு ஒதுங்கி, அவன் தாளத்தைக் கவனித்துக்கொண்டே வாசிக்கிறார். ஒரு ஆசிரியருக்கு இதைவிடக் கடினமான வேலை என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

பையனுக்கு வயலின் தெரியாதா?

நன்றாகவே தெரியும். குடும்ப நண்பரும் அரண்மனை எக்காளக் கலைஞருமான ஷாக்ட்னர் பல வருடம் கழித்து எழுதிய ஒரு நினைவு இருக்கிறது. பயணத்துக்கு முன் வீட்டில் மூன்று பேர் புதுப் பாடல்களைச் சேர்ந்து வாசித்துப் பார்க்கிறார்கள். சின்னவன் நானும் இரண்டாம் வயலின் வாசிப்பேன் என்று அடம்பிடிக்கிறான். இன்னும் கற்றுக்கொள்ளவில்லையே என்று அப்பா மறுக்க, இரண்டாம் வயலினுக்குக் கற்றுக்கொண்டா வர வேண்டும் என்று கேட்டு அழுகிறான். சரி, சத்தம் கேட்காமல் ஷாக்ட்னரோடு சேர்ந்து வாசி என்று விடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஷாக்ட்னர் தன் வில்லைக் கீழே வைத்துவிடுகிறார். பையன் தனியாகவே வாசித்து முடிக்கிறான். அப்பா கண்ணில் நீர்.

படம் எதற்காக வரையப்பட்டது?

அழகுக்காக மட்டும் இல்லை. நீர்வண்ணப் படத்தை வைத்துச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சுப்படம் எடுத்தார்கள். 1764 ஏப்ரல் 1 தேதியிட்டு லெயோபோல்ட் சால்ஸ்பர்க்குக்கு எழுதிய கடிதத்தில், மெக்கெல் என்ற செதுக்குநர் மும்முரமாக வேலை செய்வதாகச் சொல்கிறார். படத்தில் யார் எப்படி இருக்கிறார்கள் என்றும் விவரிக்கிறார். வெளிவந்த அச்சில் இருப்பது டெலஃபோஸ் என்பவரின் பெயர்.

கேமரா இல்லாத காலத்தில் அந்த அச்சுப்படம்தான் அடுத்த ஊருக்கு அவர்களுக்கு முன்னால் போய்ச் சேரும் அறிமுகம். 1765இல் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தைப் பார்க்கப் போனபோது, லெயோபோல்ட் அச்சான சொனாட்டாக்களோடு இந்தப் படத்தையும் அங்கே அன்பளிப்பாகக் கொடுத்தார். கூடவே மகன் எழுதிய ஒரு சிறு ஆங்கிலக் கூட்டுப்பாடலின் கையெழுத்துப் பிரதியையும். அந்த மியூசியம் பொதுமக்களுக்குத் திறந்தே அப்போது ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. தன் பிள்ளைகளின் தடயம் எங்கே பத்திரமாக இருக்கும் என்று யோசித்துக் கொடுத்திருக்கிறார் மனிதர்.

அச்சில் பிள்ளைகளின் வயதைக் குறைத்துப் போட்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. அச்சுப்படத்தின் கீழே மரியான் மொஸார்ட், வயது 11 என்றும், வொல்ஃப்காங் மொஸார்ட், வயது 7 என்றும் இருக்கிறது. நானெர்ல் பிறந்தது 1751 ஜூலை 30. அச்சு தயாராகிக்கொண்டிருந்தபோது அவளுக்கு 12 முடிந்துவிட்டது. பையனுக்கும் அதற்குள் எட்டு முடிந்திருந்தது. சொனாட்டாக்களின் முகப்பிலும் ஏழு வயது என்றே போட்டிருந்தார்கள். லண்டனில் டெய்ன்ஸ் பாரிங்டன் என்ற அறிஞர் சிறுவனை நேரில் சோதித்துவிட்டு, வயதில் சந்தேகம் வராமல் இருக்க சால்ஸ்பர்க்கிலிருந்து பிறப்புப் பதிவையே வரவழைத்துப் பார்த்தார்.

அதே வரியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பையனுக்குக் கொடுத்திருக்கும் பட்டம் ‘இசையமைப்பாளர், இசை ஆசான்’. அக்காவுக்குத் ‘தேர்ந்த வாசிப்புக் கலைஞர்’. லெயோபோல்டுக்கு என்ன பட்டம்? இவர்களின் தந்தை. அவ்வளவுதான். துணைத்தலைவர் பதவி, பாடநூல், ஒன்றும் இல்லை.

பின்னால் தெரியும் தூண்களும் மரங்களும் எந்த இடம்?

குறிப்பிட்ட இடமாக நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. கார்மோந்தெலின் படங்களில் இப்படித் தூண் மண்டபமும் தோட்டமும் பின்னணியாக வருவது வழக்கம். அவர்கள் பாரிஸில் இருந்தது பெரும்பாலும் குளிர்காலம். ஹார்ப்சிகார்டு ஈரக்காற்றுக்கே சுருதி மாறிவிடுகிற வாத்தியம், அதைத் தோட்டத்தில் கொண்டுபோய் வைக்க மாட்டார்கள்.

அந்த நான்கு சொனாட்டாக்களையும் எழுதியது மகனா, அப்பாவா?

மகன் வாத்தியத்தில் உட்கார்ந்து உருவாக்கியதை அப்பா தாளில் எழுதி, திருத்தி, அச்சுக்குத் தயார் செய்தார் என்று பார்ப்பதுதான் நியாயமாகத் தெரிகிறது. மொஸார்ட்டின் மிக ஆரம்பகாலப் பாடல்கள் லெயோபோல்டின் கையெழுத்தில்தான் கிடைத்திருக்கின்றன. நானெர்லுக்காக 1759இல் அவர் தொடங்கிய ஒரு பயிற்சி நோட்டு உண்டு. அதில் மினுவெட் என்ற நடன இசை ஒன்றுக்குக் கீழே, வொல்ஃப்காங் இதை ஐந்தாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், 1761 ஜனவரி 26, இரவு ஒன்பதரை மணிக்கு, அரைமணி நேரத்தில் கற்றுக்கொண்டான் என்று குறித்து வைத்திருக்கிறார். மணிக்கணக்கு வரைக்கும்! இந்தக் குறிப்புகள் இல்லையென்றால் அந்தக் குழந்தைப் பருவத்தைப் பற்றி நமக்குத் தெரிந்திருப்பது ரொம்பக் குறைவு.

எது யாருடையது என்று கோடு கிழிப்பதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. ஒரே பட்டறையில் தகப்பனும் பிள்ளையும் வேலை செய்தால் ஒரு பொருளில் இரண்டு கையும் இருக்கத்தான் செய்யும்.

அக்கா ஏன் பாடுகிறாள்?

படத்தில் எனக்கு நெருடுவது இந்த ஒன்றுதான். நானெர்ல் ஹார்ப்சிகார்டு கலைஞர். அந்தப் பயணத்தில் தம்பிக்குச் சமமாகக் கடினமான பாடல்களை வாசித்தவள். அவளைப் பற்றி அப்பாவே கடிதங்களில் பெருமையாக எழுதியிருக்கிறார். ஆனால் படத்தில் வாத்தியம் ஒன்றுதான், அது தம்பிக்குப் போய்விட்டது. அவள் கையில் இசைத்தாள். 1769இல் அப்பாவும் தம்பியும் இத்தாலி கிளம்பியபோது அவள் அம்மாவோடு சால்ஸ்பர்க்கில் விடப்பட்டாள். பிறகு ஊரில் பிள்ளைகளுக்கு இசை கற்றுக்கொடுத்தாள். 1784இல் திருமணமாகி சங்க்ட் கில்கன் போனாள். தம்பி இறந்து ஏறக்குறைய 38 வருடம் கழித்து 1829இல் இறந்தாள். குடும்பத் தொழிலில் மூன்றாவது ஆளாக இருந்தும் அவளுக்குப் பதவி கிடையாது, சம்பளம் கிடையாது.

அம்மா எங்கே?

அன்னா மரியாவும் அதே பயணத்தில் பாரிஸில்தான் இருந்தார். கச்சேரி செய்கிறவர்கள்தான் படத்தில் இடம்பெற்றார்கள்.

பையன் பெரியவனான பிறகும் இருவரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தார்களா?

ஆமாம், பல வருடம். 1769இல், 13 வயதில், சால்ஸ்பர்க் அரண்மனை இசைக்குழுவில் வொல்ஃப்காங்குக்குச் சம்பளமில்லாத முதல் வயலின் பொறுப்பு. 1772இல் கொலொரெடோ புதிய பேராயராக வந்த பிறகு வருடத்துக்கு 150 கில்டர் சம்பளம். அப்பா துணைத்தலைவர், மகன் அதே குழுவில் ஊழியர்.

1777இல் மகன் விடுப்பு கேட்டு மனு எழுதினார். பேராயரின் பதில் கடுமையாக இருந்தது: தந்தையும் மகனும் வேதத்தில் சொன்னபடி வேறிடத்தில் பிழைப்பைத் தேடிக்கொள்ள அனுமதி உண்டு. ஒரே உத்தரவில் இரண்டு பேர் வேலையும் ஆட்டம் கண்டது. லெயோபோல்ட் எப்படியோ தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டார். மகன் அம்மாவோடு கிளம்பினார். 1778 ஜூலை 3 அன்று பாரிஸில் அம்மா இறந்துபோனார். 1779இல் மகன் மறுபடி அதே அரண்மனைக்கு ஆர்கன் வாசிப்பவராக, 450 கில்டர் சம்பளத்துக்குத் திரும்பினார். 1781இல் பேராயரோடு சண்டை முற்றி, வியன்னாவிலேயே தங்கிவிட்டார்.

ஒரே தொழில், ஒரே முதலாளி, ஒரே வீடு. இதில் உரசல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1777 அக்டோபரில் லெயோபோல்ட் மகனுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. நீ எவ்வளவு நன்றாக வயலின் வாசிக்கிறாய் என்று உனக்கே தெரியவில்லை. மனதுவைத்து வாசித்தால் ஐரோப்பாவின் முதல் வயலின்காரன் நீதான் என்கிறார். மகனுக்கோ பியானோ மேல்தான் மோகம். நண்பர்களோடு சேர்ந்து வாசிக்க உட்கார்ந்தால் வயோலாவை எடுத்துக்கொள்வார்.

இருவரும் சேர்ந்திருக்கும் வேறு படம் உண்டா?

உண்டு. இதையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 1780-81இல் சால்ஸ்பர்க்கில் வரையப்பட்ட பெரிய எண்ணெய் வண்ணக் குடும்ப ஓவியம். யோஹான் நேபொமுக் டெல்லா குரோச்சே வரைந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. அக்காவும் தம்பியும் ஒரே வாத்தியத்தில் நான்கு கையால் வாசிக்கிறார்கள். கைகள் ஒன்றின் மேல் ஒன்று தாண்டிப் போகின்றன. தம்பி சிவப்புக் கோட்டில். சுவரில் இறந்துபோன அம்மாவின் படம் முட்டை வடிவச் சட்டத்தில் மாட்டியிருக்கிறது. மாடத்தில் யாழோடு அப்போலோ சிலை.

லெயோபோல்ட் வாத்தியத்துக்குப் பின்னால் இருக்கிறார். கையில் மறுபடி வயலின், வில். ஆனால் வாசிக்கவில்லை. வயலினை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். 17 வருடத்துக்கு முந்தைய படத்தில் பக்கவாத்தியம் வாசித்தவர் இதில் கேட்பவர். இதற்குள் மகனின் இசையிலும் வயலின் துணை என்ற நிலையைத் தாண்டிவிட்டது. 1778இல் மன்ஹைமிலும் பாரிஸிலும் அவர் எழுதிய சொனாட்டாக்களில் வயலினும் பியானோவும் மாறி மாறி முன்னால் வருகின்றன.

இன்னொரு தகவல். மொஸார்ட் முகம் என்று நம் மனதில் பதிந்திருக்கும் பார்பரா கிராஃப்ட்டின் ஓவியம் 1819இல், அவர் இறந்து 28 வருடம் கழித்து வரையப்பட்டது. நானெர்ல் கொடுத்து உதவிய படங்களைப் பார்த்துத்தான் கிராஃப்ட் வரைந்தார். அவற்றில் இந்தக் குடும்ப ஓவியம் முக்கியமானது.

லெயோபோல்ட் பிள்ளைகளைக் கசக்கிப் பிழிந்தவர் என்கிறார்களே?

அந்தப் பயணத்தில் இரண்டு பிள்ளைகளும் உயிருக்கே ஆபத்தான காய்ச்சலில் விழுந்தார்கள். ஹேக் நகரத்தில் நானெர்லுக்குச் சாகும் தறுவாயில் செய்கிற பிரார்த்தனை வரைக்கும் போனது. இதை மறைத்துப் பேச முடியாது. பெரியவனான மகனை அவர் கடிதங்களில் நெருக்கியதும், 1782இல் கல்யாணத்துக்கு மனமில்லாமல் சம்மதித்ததும் பதிவில் இருக்கின்றன.

ஆனால் ஏழு பிள்ளைகளில் ஐந்தைப் பறிகொடுத்த ஒருவர், மிஞ்சிய இருவருக்கும் தனக்குத் தெரிந்த தொழிலை முழுசாகக் கொடுத்தார் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். 1785 பிப்ரவரியில் அவர் வியன்னாவில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, அங்கே வந்த இசையமைப்பாளர் ஹைடன், வொல்ஃப்காங்கின் நாற்கூட்டு இசையை (நான்கு தந்தி வாத்தியங்களுக்கானது) கேட்டார். எனக்கு நேரிலோ பெயராலோ தெரிந்த இசையமைப்பாளர்களில் உங்கள் மகன்தான் மிகப் பெரியவர் என்று லெயோபோல்டிடம் கடவுள் சாட்சியாகச் சொன்னார். அதை அப்படியே நானெர்லுக்குக் கடிதத்தில் எழுதி அனுப்பினார் அப்பா. இரண்டு வருடம் கழித்து, 1787 மே 28 அன்று சால்ஸ்பர்க்கில் இறந்தார்.

படத்தை எங்கே பார்க்கலாம்?

பாரிஸுக்கு வடக்கே ஷாந்தியி கோட்டையில் இருக்கும் கோந்தே அருங்காட்சியகத்தில். கார்மோந்தெலின் படங்கள் 400க்கும் மேல் அங்கே இருக்கின்றன; வாங்கிச் சேர்த்தவர் ஓமால் பிரபு. அங்குள்ள எதையும் வெளியே கடன் கொடுக்கக் கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனை, அதனால் அந்தப் பிரதி வேறு ஊருக்கு வராது. கார்மோந்தெல் தன் படங்களைத் திரும்ப வரைந்து பிரதி செய்கிற பழக்கம் உள்ளவர். இந்தப் படத்தின் இன்னொரு பிரதி பாரிஸின் கார்னவாலே அருங்காட்சியகத்தில் உண்டு. காகிதத்தில் வரைந்த நீர்வண்ணம் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் எப்போதும் காட்சிக்கு வைத்திருக்க மாட்டார்கள். போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். குடும்ப எண்ணெய் ஓவியம் சால்ஸ்பர்க்கில், மொஸார்ட் குடும்பம் 1773 முதல் வாழ்ந்த வீட்டில், மொஸார்டியம் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது.

படத்தோடு சேர்த்து என்ன கேட்கலாம்?

முதலில் கோகெல் 6, சி மேஜர் சொனாட்டா. ஹார்ப்சிகார்டும் வயலினும் வாசித்த பதிவாகத் தேடுங்கள். பியானோ பதிவில் அந்த இரண்டு ஒலிகளின் அளவு மாறிவிடும். வயலின் எங்கே ஒதுங்குகிறது, எங்கே மட்டும் தலை நீட்டுகிறது என்று பின்தொடர்ந்து கேட்டால், படத்தில் லெயோபோல்ட் செய்துகொண்டிருக்கும் வேலை காதுக்குத் தெரியும். அப்புறம் கோகெல் 304, ஈ மைனர், அம்மா இறந்த வருடத்து சொனாட்டா. அதன் தொடக்கத்தில் வயலினும் பியானோவும் ஒரே ராகத்தைச் சேர்ந்து வாசிக்கின்றன.